வெளியே போகும் குழாய்

ஆர்.ஓ. பெட்டியைச் சிங்க்குக்குக் கீழே மாட்ட வந்த தம்பி முதலில் எடுத்தது டிரில்லிங் மெஷினை. கழிவுநீர்க் குழாயில் ஓட்டை போட்டு, கிளாம்ப் மாட்டி, மெல்லிய டியூப் ஒன்றைச் செருகினார். தண்ணீர் உள்ளே வருவதற்கு முன்பே வெளியே போக வழி.

“இது வேஸ்ட் லைன் சார். ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மூணு லிட்டர் இதுல போயிடும்.”

“ஏன் போகணும்?”

“மெஷினே அப்படித்தான் சார்.”

பழைய கேண்டில் ஃபில்டர் ஒரு சொட்டையும் வெளியே விட்டதில்லை. மேலே ஊற்றியது முழுக்கக் கீழே இறங்கிவிடும். இது மட்டும் ஏன் இப்படிக் கொட்டுகிறது, யார் இதை இப்படிச் செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

தேடல் 1748-க்குப் போனது. பிரான்சில் நொலே என்ற பாதிரியார் ஒரு குப்பியில் சாராயத்தை நிரப்பி, வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். தண்ணீர் தோல் வழியாக உள்ளே போய், தோல் உப்பிக்கொண்டு வந்தது. சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். இதைத் திருப்பிப் போடலாம், உப்புநீரை அழுத்தினால் நல்ல நீர் மட்டும் சவ்வைக் கடக்கும் என்று காட்ட இருநூறு ஆண்டு பிடித்தது. 1950-களில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ரீட், பிரெட்டன் இருவரும் செல்லுலோஸ் அசிடேட் சவ்வில் அதைச் செய்தார்கள். உப்பு நின்றது, தண்ணீரோ குடம் நிரம்பும் வேகத்தில் வரவில்லை.

வேகம் கொடுத்தவர்கள் லாஸ் ஏஞ்சலிஸில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். ஒருவர் சிட்னி லோப், நாற்பதைத் தாண்டிய வயதில் படிக்க வந்தவர். இன்னொருவர் ஸ்ரீநிவாச சௌரிராஜன். பெயரைப் பார்த்ததும் எனக்குத் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள்தான் ஞாபகம் வந்தார். இந்தியாவில் பிறந்து, பின்னாளில் கனடாவின் ஒட்டாவாவில் ஆய்வைத் தொடர்ந்தவர். நம் வீடுகளில் இத்தனை பெட்டிகள் தொங்கியும் இந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடையில் வாங்கிய சவ்வை வெந்நீரில் பக்குவப்படுத்திச் சோதித்தபோது, ஒரு பக்கமாக வைத்தால் வேலை செய்தது, திருப்பி வைத்தால் செய்யவில்லை. இரண்டு முகமும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் பிடிபட்டது. உப்பைத் தடுப்பது ஒரு முகத்தில் இருக்கும் மிக மெல்லிய ஏடு மட்டும். மீதித் தடிமனெல்லாம் அதைத் தாங்கும் கடற்பஞ்சு. அப்படி ஒரு சவ்வைத் தாங்களே வார்த்து, பனிக்கட்டி நீரில் முக்கி, வெந்நீரில் இறுக்கி எடுத்தார்கள். தண்ணீர் பல மடங்கு வேகமாக வந்தது.

இந்தச் சவ்வின் நீரை முதலில் குடித்த ஊர் கோலிங்கா. கலிஃபோர்னியாவின் எண்ணெய்க் கிணற்று ஊர்; நிலத்தடி நீர் உப்பு. குடிநீர் ரயிலில் வந்து இறங்கிய காலம் உண்டு. வீடுகளில் வெந்நீர், தண்ணீர், குடிநீர் என மூன்று குழாய்கள் இருந்தன. 1965-இல் லோப் குழுவினரின் நிலையம் அங்கே நாளுக்குச் சுமார் 20,000 லிட்டர் குடிநீர் கொடுத்தது. நல்ல நிலத்தடி நீர் இல்லாத ஊரில் முதலில் பயன்பட்ட பொருள் இது. நம்மூரில் அதற்கு ஈடான இடம் ராமநாதபுரம் மாவட்டத்து நரிப்பையூர். 1990-களின் இறுதியில் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது.

இன்று பெட்டிக்குள் சுருட்டி வைத்திருப்பது அந்தச் சவ்வு அல்ல. 1970-களில் மினியாபோலிஸில் ஜான் கடாட் உருவாக்கிய பாலிஅமைடு ஏட்டின் வம்சம். உப்பை இன்னும் நன்றாகத் தடுக்கும், குளோரின் பட்டால் கெடும். முன்னால் ஒரு கார்பன் ஃபில்டர் காவலுக்கு நிற்பது அதனால்தான். ருசிக்காக என்று விற்பனையாளர்கள் சொல்வது பாதி உண்மை.

இத்தனையும் படித்தபின் வேஸ்ட் லைனின் காரணம் விளங்கியது. கேண்டிலில் சேறு தங்கும், பிரஷ் போட்டுத் தேய்த்துவிடலாம். உப்பைத் தேய்க்க முடியாது. சவ்வின் முன்னால் சேரச் சேர அதன் எதிர் அழுத்தம் கூடி ஓட்டம் நின்றுவிடும், சுண்ணாம்பு படிந்து சவ்வும் போய்விடும். ஆகவே தண்ணீரின் ஒரு பங்கு சவ்வைக் குறுக்கே கழுவிக்கொண்டு வெளியேறியே ஆகவேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. மெக்கானிக்குகள் எஃப்.ஆர். (ஃபுளோ ரெஸ்ட்ரிக்டர்) என்று சொல்லும் விரலளவு உறுப்பு அதைத் தீர்மானிக்கிறது. எந்தத் தண்ணீர் வந்தாலும் சவ்வு பிழைக்கட்டும் என்று தாராளமாக வைத்துவிடுகிறார்கள்.

இப்படி வீணாகும் தண்ணீரைக் கருதி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். எனப்படும் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. எங்கள் குழாயில் மெட்ரோ வாட்டர் வரும் நாட்களில் மீட்டர் 300-ஐத் தாண்டுவதில்லை; கோடையில் போர் தண்ணீர், 1,400.

தம்பியை மறுபடி கூப்பிட்டேன். கார்பனுக்குப் பிறகு ஒரு டீ-யும் வால்வும் போட்டு, மெட்ரோ தண்ணீர் சவ்வைத் தொடாமல் யு.வி. விளக்கின் வழியாக மட்டும் வரும்படி செய்து தந்தார். கிளாம்பைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு, வேஸ்ட் லைனை ஒரு வாளிக்குள் விட்டிருக்கிறோம். போர் தண்ணீர் நாளில் அந்த வாளி நீரின் டி.டி.எஸ். 1,800-க்கு வரும். மாடிச் செடிகளுக்கு ஆகாது. தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் போய்க்கொண்டிருக்கிறது.