புலியைத் தேடிய பயணம்

காடு என்றதும் புலிதான் நம் நினைவுக்கு வரும். சென்ற காலாண்டு விடுமுறையில் பாபநாசம் வழியாக முண்டந்துறைக்குச் சென்றபோது நானும் தம்பியும் புலியையே தேடினோம். 1988-ல் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களை இணைத்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள்.

வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் வண்டி மெல்ல ஊர்ந்தது. மிளா ஒன்று தலை நிமிர்ந்து பார்த்தது. கருமந்திகள் மரத்துக்கு மரம் தாவின. குற்றாலத்துக் குரங்குகளைப் போல அவை பையைப் பறிக்க வரவில்லை, தளிர்களையே தின்றன. புலி மட்டும் வரவே இல்லை. தம்பியின் முகம் வாடிவிட்டது.

“ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி பரந்த புல்வெளி. அங்கே சிங்கம் தொலைவிலேயே தெரியும். இது அடர்ந்த காடு. நாம் புலியைப் பார்க்காவிட்டாலும் புலி நம்மைப் பார்த்திருக்கும்!” என்றார் அப்பா.

புலி இருந்தால் மான்கள் அளவோடு இருக்கும், இளங்கன்றுகள் மரமாகும். காடு மழைநீரைத் தேக்கி மெல்ல மெல்ல ஆற்றுக்கு விடும். தாமிரபரணி இம்மலையில்தான் பிறக்கிறது. நம் குற்றாலத்துச் சிற்றாறும் அதில்தான் கலக்கிறது. நம் வயலும் குடிநீர்க் குடமும் இக்காட்டை நம்பியே இருக்கின்றன.

ஆகவே தோழியரே, அருவிக்குச் செல்லும்போது பிளாஸ்டிக் பைகளை எறியாதிருப்போம். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுத்துப் பழக்காதிருப்போம். இவ்வளவும் நம்மால் முடியும் அல்லவா?