இடம் மாறாத பொத்தான்

கோலா கங்சாரில் எங்கள் வட்டாரக் கோயில் அலுவலகத்தில் ஒரு கணினி இருக்கிறது. சந்தாக் கணக்கு, அர்ச்சனைச் சீட்டு, திருவிழா நோட்டீஸ் எல்லாம் அதில்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 சிப்பும் ஓரளவு புதிய ப்ராசசரும் வேண்டும். இதில் இரண்டும் இல்லை. மற்றபடி பெட்டிக்கு ஒரு நோயும் கிடையாது.

லினக்ஸ் மின்ட் போடலாம் என்றேன். பொருளாளர் ஐயா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். இலவசமா, வைரஸ் வருமா என்றெல்லாம் கேட்கவில்லை.

"தம்பி, இதுவும் ஒருநா காலையில எல்லாத்தையும் இடம் மாத்தி வச்சிருமா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 95 முதல் இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை 2012-இல் விண்டோஸ் 8 எடுத்துவிட்டது. எழுந்த கூச்சலில் அடுத்த வருடமே திரும்ப வந்தது. விண்டோஸ் 11-இல் அது நடுப்பக்கம் நகர்ந்துவிட்டது. ஐயா செக்ரோல் புத்தகத்தில் எந்தக் கட்டம் எங்கே என்று பார்க்காமலே எழுதியவர். அந்தப் பழக்கத்துக்குப் பெயர் சோம்பல் இல்லை, தேர்ச்சி.

இதையே லினஸ் டோர்வால்ட்ஸ் சொன்னால் நாம் தத்துவம் என்போம். கெர்னலில் கை வைப்பவர்களுக்கு அவர் விடாமல் சொல்லும் விதி இது: நேற்று ஓடிய நிரல் இன்றும் ஓட வேண்டும், ஓடவில்லையென்றால் பிழை கெர்னலுடையது. ஆனால் அந்த விதி கெர்னலோடு நின்றுவிடுகிறது. அதன் மேலே உட்காரும் திரைக்கு அது கிடையாது. 2011-இல் க்னோம் 3 வந்து பழைய மெனுவையும் கீழ்ப்பட்டையையும் தூக்கியபோது டோர்வால்ட்ஸே திட்டிவிட்டு வேறு திரைச்சூழலுக்குப் போனார். க்னோம் 2-ஐ விட மனசில்லாதவர்கள் அதை மாத்தே என்ற பெயரில் காப்பாற்றினார்கள். மின்ட் குழு சின்னமனை எழுதியது. நிரலுக்குக் கொடுத்த வாக்கை யாரும் மனிதனின் விரலுக்குக் கொடுக்கவில்லை.

நிபோங் திபாலில் பொறியியல் படித்தபோது நாங்கள் கற்றதெல்லாம் 1970-களின் யூனிக்ஸ் கட்டளைகள்தான். எல்எஸ், சிபி, கிரெப். சிபி கோப்பை நகலெடுக்கும். முடித்துவிட்டேன் என்றுகூடச் சொல்லாது. முனையத்தில் வேலை செய்கிறவனுக்கு ஐம்பது வருடமாகப் பெரிதாக எதுவும் நகரவில்லை. அவன்தான் "யூசர்களுக்கு மாற்றம் என்றாலே பயம்" என்று சிரிக்கிறான்! டிபிஎம் மாதிரி உள்ளுக்குள் செய்யும் மாற்றங்களுக்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பொத்தானை நகர்த்த என்ன காரணம்?

ஒரு சனிக்கிழமை மின்ட்டை ஏற்றினேன். மெனு இடது மூலையில். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்ததும் ஐயா உட்கார்ந்து, கீழே பார்க்காமல் கோயில் பெயரை அடித்தார். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. 'க' இன்னும் ஆங்கில 'எச்' இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

"சரி, இருக்கட்டும்" என்றார்.

அர்ச்சனைச் சீட்டு மட்டும் பிரிண்டரில் ஒரு வரி கீழே தள்ளி விழுகிறது. அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.