ரிதெனவத?

அம்மாவை தியேட்டரிலிருந்து வார்ட்டுக்குக் கொண்டு வரும்போது பின்னேரம் மூன்று மணி இருக்கும். பித்தப்பையை எடுத்தாச்சு. வயிற்றில் நாலு இடத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டர், அவ்வளவுதான். எங்க லயத்து அம்மாயி ஒருத்தருக்கு இதே ஓபரேஷனை அந்தக் காலத்தில் செய்த தழும்பு, விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு இருக்கு.

மிஸ்ஸி வந்து "ரிதெனவத அம்மே?" என்று கேட்டாங்க. நோகுதா என்று. அம்மா "டிகக்" என்றாங்க. கொஞ்சம்.

அந்த டிகக்கை எனக்கு நல்லாத் தெரியும். அம்மா பதுளைப் பக்கத்தில் கொழுந்து பறிக்கிறவங்க. மலையில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கினாலும் டிகக்தான். வலிக்குதுன்னு சொன்னா மலைக்குப் போக முடியாது. போகாட்டி பேர் இல்லை, சம்பளமும் இல்லை. கல்லு இருக்குன்னு தெரிஞ்சது 2022இல். நியோஸ்டிக்மின் என்ற மருந்து இல்லாமல், திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளைப் பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே நிறுத்தி வைத்த வருஷம் அது. அதுக்குப் பிறகும் அம்மா அந்த வலியோடயே மலை ஏறினாங்க.

ஆனா அன்று பின்னேரம் அது உண்மையான டிகக். எப்ப வீட்டுக்குப் போறதுன்னு கேட்கிற அளவுக்குத் தெம்பா இருந்தாங்க. அம்மா மயக்கத்தில் இருக்கும்போதே, துளை போட்ட இடங்களில் விறைப்பு ஊசி போட்டிருந்தாங்களாம். பல்லு கழட்டப் போடுற ஊசியின் சொந்தக்காரன்தான், பேர் பியூபிவகெய்ன், கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். அந்த இடத்து நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பாமல் சில மணித்தியாலம் மறித்து வைக்கும். இஷ்டத்துக்குக் கூட்டவும் ஏலாது. அளவு மிஞ்சினால் இதயத்தைத் தாக்கும்.

இரவு பத்து மணிக்குப் பிறகு அம்மா பேசவே இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. கேட்டால், "தோள்பட்டைதான் குத்துது. கூடை தூக்குன பழைய வலி. நீ படு."

கூடை வலி இல்லை அது. கமரா உள்ளே பார்க்க இடம் வேணுமே, அதுக்காக வயிற்றைக் காபனீரொட்சைட்டு வாயுவால் ஊதிப் பெருப்பிக்கிறாங்க. மிச்சமாகும் வாயு உதரவிதானத்தை உறுத்தும். அதற்குப் போகிற நரம்பு கழுத்திலிருந்து இறங்குறதால, மூளை அதைத் தோள் வலியாக எடுத்துக்கொள்ளும். முப்பது வருஷம் கூடை சுமந்த ஒருத்திக்கு, தோளில் வரும் வலி வேற எதுவாக இருக்க முடியும்?

எனக்குத் தெரிந்த பஸ் சிங்களத்தில் போய்ச் சொன்னேன். மருந்து கொடுத்துவிட்டு, ஏன் முதல்லயே சொல்லல்லன்னு மிஸ்ஸி ஏசினாங்க. நியாயமான ஏச்சுதான்.

பேராதனைக்குத் திரும்பி வந்து லைப்ரரியில் தேடினேன். (கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்குன்னு ரூம்மேட் சிரிச்சா.) 2014இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்புகளின்படி, இந்த ஊசி முதல் சில மணித்தியாலங்களில் வலியைப் பத்துக்கு ஒரு புள்ளி போலக் குறைக்குது. பிறகு அதுவும் தேய்ந்துவிடும். ஆதாரமும் அவ்வளவு பலமில்லை. ஒரு புள்ளி பெரிசா என்று நீங்கள் கேட்கலாம். வலிக்குப் புள்ளி போடத் தெரிந்தவர்களுக்குச் சின்னதுதான். எங்க அம்மாவுக்கு, வாயைத் திறந்து கேட்காமலே கிடைத்த ஒரே வலி மருந்து அது. அந்த மருந்து முடிகிற நேரம்தான் இரவு. கேட்க வேண்டிய நேரமும் அதுதான். ஊசி இரவில் விட்டுப்போகும், தோள் வலித்தால் அது வாயு, அப்போ கூப்பிடுங்க. தியேட்டருக்குப் போகுமுன் தமிழில் இந்த மூன்றையும் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

போன மாசம் வீட்டுக்குப் போனப்போ, பக்கத்து லயத்து அக்கா வந்திருந்தாங்க. அவங்களுக்கும் அதே கல்லு, அதே ஓபரேஷன். அம்மா பிளேன்டீ ஊத்திக்கொண்டே சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்தாங்க.

"ராவைக்குத் தோள் குத்தும். கூடை வலின்னு நெனச்சுப் படுத்துறாத. டிகக்னு சொல்லாத. கொடக் ரிதெனவான்னு சொல்லு. எங்க, ஒருக்காச் சொல்லு பாப்பம்."