ஊர்ப் பெயர் ஏறிய உணவுப் பட்டியல்

உணவின் பெயரோடு அதன் விளைபொருள் வந்த ஊரையும் பட்டியலில் எழுதும் வழக்கம் இன்று அமெரிக்க உணவகங்கள் பலவற்றில் உண்டு. இதன் மூலத்தைத் தேடுவோர் பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம், கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரிலுள்ள ‘ஷே பனீஸ்’ உணவகம். பிரெஞ்சுச் சமையலுக்குப் பெயர்பெற்ற அந்த உணவகத்தில், 1976 அக்டோபர் 7 அன்று சமையல் தலைவர் ஜெரமையா டவர் வடக்குக் கலிஃபோர்னிய வட்டார விருந்து ஒன்றை நடத்தினார். டொமாலிஸ் விரிகுடாச் சிப்பி, கராபாட்டா ஓடையின் டிரவுட் மீன், மான்ட்டரே விரிகுடா இறால், சொனோமா பாலாடைக்கட்டி எனப் பெரும்பாலான பண்டங்கள் தம் ஊர்ப் பெயரோடு பட்டியலில் ஏறின.

அந்த விருந்தின் பொறியோ இன்னும் பழையது. நியூயார்க்கின் டெல்மோனிகோஸ் உணவகத்தில் தலைமைச் சமையல்காரராக இருந்த பிரெஞ்சுக்காரர் சார்ல்ஸ் ரான்ஹோஃபர், 1890களில் ‘தி எபிக்யூரியன்’ என்ற பெரிய சமையல் நூலை வெளியிட்டார். அதிலிருந்த ஒரு சோள சூப்புக்கு மென்டசீனோ என்ற கலிஃபோர்னியப் பகுதியின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அது டவரின் கண்ணில் பட்டது.

பெயர் எழுதும் வழக்கத்துக்கு முன்பே, கிடைப்பதை வைத்துச் சமைக்கும் முறை ஷே பனீஸில் இருந்தது. உணவகத்தை ஆலிஸ் வாட்டர்ஸ் 1971 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கினார். 1960களில் பிரான்சில் மாணவியாக இருந்தபோது பிரிட்டனி வட்டாரத்தில் ஒரு சிறு உணவகத்தில் அவர் சாப்பிட்டார். அங்கே பரிமாறிய மீன் பக்கத்து ஓடையில் பிடித்தது. ராஸ்பெர்ரிப் பழம் தோட்டத்தில் பறித்தது. அந்தச் சுவையைத் தேடியே அவர் கடை திறந்தார். முதல் நாள் இரவில் 3.95 டாலருக்கு ஒரே சாப்பாடு: மாவில் பொதிந்து சுட்ட இறைச்சிப் பண்டம், ஆலிவுடன் வாத்து, சாலட், பிளம் பழப் பணியாரம்.

இந்த ‘ஒரே சாப்பாடு’ முறைதான் பருவப் பொருளை வணிகமாக்கியது. ஐம்பது வகை உணவை ஆண்டு முழுவதும் தருவதாக அச்சிட்ட கடை, தக்காளி விளையாத மாதத்திலும் தக்காளி வாங்கியாக வேண்டும். அன்றன்று மாறும் ஒரே சாப்பாட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. வரத்தைப் பார்த்துச் சமையலை முடிவு செய்யலாம். எத்தனை பேருக்கு எவ்வளவு என்பதும் தெரிவதால் வீணாவது குறையும்.

வரத்து நிலைப்படப் பின்னும் காலம் பிடித்தது. தொடக்கத்தில் வீட்டுக் கொல்லைகளில் விளைந்த கீரையும் பழமும்கூடச் சமையலறைக்கு வந்தன. 1980களில் வாட்டர்ஸின் தந்தை சுற்றுவட்டாரப் பண்ணைகளைப் பார்த்து, சொனோமாவில் பாப் கனார்ட் என்ற உழவரைத் தேர்ந்தெடுத்தார். அவர் உணவகத்துக்கென்றே பயிரிட்டார். காய்கறி கொண்டுவந்த வண்டி, சமையலறைக் கழிவை உரத்துக்காகத் திருப்பி எடுத்துச் சென்றது. ஊர்ப் பெயருக்குப் பின்னால் நிலையான கொள்முதல் அமைந்தது இப்படித்தான்.