சம வேலைக்குச் சம ஊதியம்

1942ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், பேராக்கின் தென்பகுதியில் உள்ள சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் பிரிட்டிஷ் இந்தியப் படையின் அரண்களை உடைத்து முன்னேறின. அதற்குச் சில நாள்களுக்கு முன்பே ஈப்போ நகரம் ஜப்பானியர் வசமாகியிருந்தது. அந்நகரில் 1927ஆம் ஆண்டு பிறந்த ராசம்மா அப்போது பள்ளி வயதுச் சிறுமி.

1943ஆம் ஆண்டு, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். பதினாறு வயதான ராசம்மா தம் சகோதரியோடு அதில் சேர்ந்து பர்மா வரை சென்றார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெண்களும் நகரத்தில் படித்த பெண்களும் அப்படையில் ஒன்றாகப் பயிற்சி பெற்றனர்.

போருக்குப் பின் படிப்பைத் தொடர்ந்த ராசம்மா பூபாலன் ஆசிரியரானார். அக்காலத்தில் ஆசிரியைகளின் நிலை நியாயமானதாக இல்லை. ஆண் ஆசிரியர் கற்பித்த அதே பாடத்தைத்தான் அவர்களும் கற்பித்தனர். திருத்திய தாள்களும் குறைவில்லை. ஆனால், சம்பளம் மட்டும் குறைவு. திருமணமான ஆசிரியைகள் தற்காலிக ஊழியர்களாகவே கருதப்பட்டனர். அதனால் ஓய்வூதியம் அவர்களுக்கு எட்டாக்கனியானது. குடும்பத்தைக் காப்பவர் ஆண்தான் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். கணவனை இழந்த தாயும், பெற்றோரைக் காக்கும் மகளும் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

இந்நிலையை மாற்ற, 1960ஆம் ஆண்டு மலாயாவில் பெண் ஆசிரியர் சங்கம் தோன்றியது. அதன் நிறுவனத் தலைவர் ராசம்மா பூபாலன். பெண்களுக்கெனத் தனிச் சங்கம் அமைப்பது ஆசிரியர்களின் ஒற்றுமையைக் குலைக்காதா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால், ஒருவருடைய குறையைப் பேசாமல் மூடி வைப்பது ஒற்றுமை ஆகாது. பாதிக்கப்பட்டவரே வாய் திறக்கும்போதுதான் குறை மற்றவர் காதில் விழுகிறது. 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்று முன்னோர் சொன்னது இதைத்தான்.

1963ஆம் ஆண்டு தேசிய மகளிர் அமைப்புகள் மன்றம் உருவானது. பல இனப் பெண்கள் ஒன்றுகூடிய அம்மன்றத்திலும் ராசம்மா முன்னின்று உழைத்தார். ஆசிரியைகளின் கோரிக்கை நாட்டுப் பெண்கள் அனைவரின் கோரிக்கையாக வளர்ந்தது. 1960களின் இறுதிக்குள், அரசுப் பணியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்னும் கொள்கை ஏற்கப்பட்டது. முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்திற்கும் மகளிர் அமைப்புகள் குரல் கொடுத்தன.

சங்கத் தலைவர்கள் சிலர் தேர்தலில் நின்று சட்டமன்றத்திற்குச் செல்வதுண்டு. ராசம்மா சென்ற வழி வேறு. கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வராகப் பணியாற்றிய அவர், சட்டமன்ற நாற்காலியில் அமரவில்லை. எனினும், சட்டம் இயற்றுவோர் கேட்டே ஆக வேண்டிய கேள்விகளை அவர் எழுப்பினார்.

இன்று சிலிம் ரிவரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியை, தம்மோடு சேர்ந்த ஆண் ஆசிரியருக்கு உரிய அதே சம்பள விகிதத்தைப் பெறுகிறார். அது இயல்பான ஒன்றாக அவருக்குத் தோன்றலாம். அந்த இயல்புக்குப் பின்னால் ஒரு தலைமுறை ஆசிரியைகளின் உழைப்பு இருக்கிறது.