மே மாதச் சென்னையில் ஒரு கொடைக்கானல் ஸ்வெட்டர்

கொடைக்கானல் ஏரிக்கரைக் கடைகளில் விற்கும் ஸ்வெட்டர்களுக்கு ஒரு விசித்திரமான ராசி உண்டு. மலையில் அவை உழைப்பது இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். பிறகு சென்னைக்கு வந்து, ஓ.எம்.ஆர். பக்கம் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், நாற்காலி முதுகில் தொங்கியபடி வருடம் முழுக்க வேலை பார்க்கின்றன. வெளியே மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும். உள்ளே ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு, விரல்களைத் தேய்த்துச் சூடேற்றியபடி ஒருவர் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பார். மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் அதைக் கழற்றுவார்.

குளிரைத் தேடி மலைக்குப் போவதுதான் பழைய வழக்கம். கொடைக்கானல் கோடைவாசஸ்தலம் ஆனதே அப்படித்தான். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள், வெயிலிலும் நோயிலும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு, 1845-ல் பழனி மலை மேல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அதில் ஒன்றின் பெயர் ‘சன்னிசைடு’. சூரியனுக்குப் பயந்து ஓடியவர்கள் வைத்த பெயர்! (பளியர்களும் பூம்பாறை போன்ற ஊர்க்காரர்களும் அதற்கு வெகுகாலம் முன்பே அந்த மலையில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு அது கோடைவாசஸ்தலம் அல்ல, சொந்த ஊர்.)

மோட்டார் சாலை வருவதற்கு முன், துரைமார்கள் பெரியகுளம் பக்கத்திலிருந்து டோலியில் ஏறினார்கள். நாற்காலியில் துரை, தோளில் சுமந்தபடி கூலியாட்கள். 7,000 அடி உயரத்துக் குளிருக்கு அன்று செலவான எரிபொருள் மனிதர்களின் மூச்சுதான்.

சென்னை ராஜதானி அரசாங்கம் இதையே இன்னும் பெரிதாகச் செய்தது. கோடை வந்தால் கவர்னர், கோப்புகள், குமாஸ்தாக்கள் எல்லோரும் ஊட்டிக்கு. அலுவலகத்தைக் குளிர்விக்க அன்று இருந்த வழி, அலுவலகத்தையே மலைக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான்.

இன்று கதை தலைகீழ். மலையின் குளிர் சமவெளிக் கட்டடத்துக்குள் வந்துவிட்டது. அது எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பெரிய அலுவலகங்களில் சில்லர் என்ற எந்திரம் தண்ணீரை ஏழெட்டு டிகிரிக்குக் குளிர்விக்கும். பம்புகள் அதை மாடி மாடியாக ஏற்றும். ராட்சத மின்விசிறிகள் குளிர்ந்த காற்றைக் குழாய் வழியே தள்ளும். உண்மையில் குளிர் என்று எதையும் யாரும் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கடத்துகிறார்கள், அவ்வளவுதான். வெளியே தெருவோரம் டீ ஆற்றுகிறவர் பக்கம் அது போய்ச் சேர்கிறது.

ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் ஒட்டும் மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு, 2009-லிருந்து அலுவலகக் கட்டடங்களுக்கும் ஸ்டார் கொடுக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு எத்தனை யூனிட் என்பதுதான் கேள்வி. சென்னை போன்ற புழுக்கமான ஊரில், ஏ.சி. அலுவலகம் 200 யூனிட்டுக்குள் வந்தால் ஒரு ஸ்டார். 100-க்குக் கீழே என்றால் ஐந்து ஸ்டார்.

10,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 200 யூனிட் வீதம் வருடத்துக்கு 20 லட்சம் யூனிட். நெய்வேலி நிலக்கரியும் காற்றாலையும் எல்லாம் கலந்த இந்திய மின்சாரத்தில், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஆக, அந்தக் கட்டடத்தின் பேரில் 1,400 டன். அதே அளவு கட்டடம் ஐந்து ஸ்டார் வாங்கியிருந்தால் 700 டன்னுக்கும் குறைவு. அதே ஆட்கள், அதே வேலை, அதே சம்பளம். மீதி 700 டன் சும்மா போகிறது. ஏ.சி.க்குள் ஓடும் வாயு கசிந்தால் அது தனிக் கணக்கு. புதிய ஏ.சி.களில் வரும் ஆர்-32 வாயுகூட, கார்பன் டை ஆக்சைடைவிட அறுநூறு, எழுநூறு மடங்கு சூடேற்றக்கூடியது.

பாதியாகக் குறைப்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஹைதராபாத் அருகே போச்சாரத்தைப் பார்க்கலாம். அங்கே இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011-ல் ஒரு கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பரீட்சை வைத்தது. ஒரு பாதிக்கு வழக்கமான, ஆனால் நன்றாக வடிவமைத்த ஏ.சி. மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குழாய் பதித்துக் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டார்கள். தளம் குளிர்ந்தது, அறை குளிர்ந்தது. அந்தப் பாதிக்குச் செலவான மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. கட்டும் செலவும் கூடவில்லை. இதில் குழாயைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டு பாதிக்கும் பொதுவாக இருந்த, வெயிலை உள்ளே விடாத சுவரையும் ஜன்னலையும் பற்றி அதிகம் பேசுவதில்லை. நான்கு பக்கமும் கண்ணாடியை மாட்டிவிட்டு, உள்ளே வந்த வெயிலை மின்சாரம் கொடுத்து விரட்டுவது சமவெளியின் புது வழக்கம். கொடைக்கானலின் பழைய கல் வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள் குளிரை நிறுத்தத் தடித்த சுவரை நம்பினார்கள். வெயிலை நிறுத்தவும் அதே சுவர் போதும்.

சரி, கட்டடத்தைக் கட்டி முடித்தாயிற்று. இனி என்ன செய்வது? ஸ்வெட்டரிடமே கேட்கலாம். ஒருவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், யாரோ ஒருவருக்குப் புழுங்குகிறது என்று பொருள். பெரும்பாலும் அவர் கண்ணாடி ஓரம் வெயில் படும் அறையில், கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கும் மேலதிகாரியாக இருப்பார். வெப்பநிலையை அளக்கும் சென்சாரும் அந்தப் பக்கமே இருந்துவிட்டால், அவருக்காக ஏ.சி. 20 டிகிரிக்கு ஓடும். காற்று இறங்கும் துளைக்கு நேர் கீழே இருப்பவர் நடுங்குவார்.

அலுவலக வெப்பநிலைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் சூத்திரம், 1960-களில் சுமார் 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடல் சூட்டை வைத்துப் போட்டது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 2015-ல் சுட்டிக்காட்டினார்கள். பெண்களின் உடல் அந்த அளவுக்குச் சூட்டை உண்டாக்குவதில்லை. நாற்காலி முதுகில் தொங்கும் ஸ்வெட்டர்களில் பல ஏன் பெண்களுடையவை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்பது பி.இ.இ. கணக்கு. 20-லிருந்து 24-க்குப் போனால் ஏ.சி. மின்சாரத்தில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும். வணிகக் கட்டடங்களில் 24 முதல் 26 டிகிரி வரை வையுங்கள் என்று மத்திய மின்துறை 2018-லேயே சொல்லிவிட்டது. மேலதிகாரி கோட்டைக் கழற்றி, திரையை இழுத்துவிட்டால் மற்றவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றலாம். செலவு ஒரு பைசா இல்லை.

கொடைக்கானலுக்கு ஏ.சி. தேவையில்லை. கோடையிலும் பகலில் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊர். ஆனால் அங்கே செலவு வேறு வழியில் வருகிறது. 15 டிகிரி தண்ணீரை 20 லிட்டர் வாளியில் பிடித்து 45 டிகிரிக்குச் சூடாக்க 0.7 யூனிட் வேண்டும். 60 அறை, அறைக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு வாளி என்றால் காலைக் குளியலுக்கு மட்டும் 126 யூனிட். ஷவரில் நின்று பாட்டுப் பாடுகிறவர்களின் கணக்கு இதில் சேராது. 2024 மே 7 முதல் மலை ஏறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது, வெந்நீருக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைக்கலாம். மூடுபனி மாதங்களில் அது காலை வாரிவிடும். அப்போதைக்கு ஹீட் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. சென்னையின் சில்லர் செய்யும் அதே வேலையைத் திருப்பிப் போட்டுச் செய்யும் எந்திரம் அது. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குள் கடத்தும். சாதாரண கீசருக்கு ஆகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆனால் அறை பதிவு செய்யப் போன் போடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, “24 மணி நேரமும் சுடுதண்ணி வருமா சார்?” என்பதுதான்.