உடைந்த விழுது

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு காடும் குகையும்?" என்று உம்மும்மா கேட்டார். "ஏ.எல்.லுக்குப் புவியியல் படிக்கிற புள்ள, பாத்துட்டு வரட்டும்" என்றார் வாப்பா.

வவுல்பனே, சப்ரகமுவ மாகாணத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில் இருக்கிறது. சிங்களத்தில் வவுலா என்றால் வௌவால். காட்டுப் பாதையில் நடந்து, ஓடை பாயும் அந்தச் சுண்ணாம்புக்கல் குகைக்குள் நுழைந்தோம். தலைக்கு மேலே வௌவால்கள் இரைந்தன. டோர்ச் வெளிச்சத்தில் கல் விழுதுகள் தெரிந்தன.

நான் வாப்பாவுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினேன். காபனீரொட்சைட்டு கலந்த மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. அந்த நீர் கூரையிலிருந்து சொட்டும்போது, கரைந்த சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து விழுதாகிறது. ஒரு சென்ரிமீற்றர் வளர நூறு வருடம்கூட ஆகலாம்.

சொல்லி முடிக்கவில்லை, கால் வழுக்கியது. கூரை தாழ்ந்த இடம். கைக்கு எட்டியதைப் பிடித்தேன். விரல் நீளத் துண்டொன்று கையோடு வந்துவிட்டது.

"அடி பட்டிச்சா மகள்?"

"இல்ல வாப்பா." துண்டை மறைத்துக்கொண்டேன்.

குகை வாசல் வரைதான் என்னால் மறைக்க முடிந்தது. அழுதுகொண்டே கையை விரித்துக் காட்டினேன். வாப்பா ஏசவில்லை. "எடுத்த இடத்துலயே வச்சிட்டு வருவோம். அது எங்கட சாமான் இல்ல."

திரும்பி நடந்தோம். விழுதின் கீழே துண்டை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். உடைந்த நுனியில் ஒரு துளி நீர் திரண்டு நின்றது. அது மறுபடி விரல் நீளம் வளரும்போது, பார்ப்பதற்கு நான் இருக்கமாட்டேன்.